எந்தப் பார்வைக் கட்டடம்? மெட்ராஸின் பழைய கட்டடங்களை நடந்து படம் எடுக்க

வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, “வாசல் எந்தப் பக்கம்?” என்றுதான். வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடங்களைப் படம் எடுக்கக் கிளம்புகிறவர்களும் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். எந்த கேமரா, எந்த லென்ஸ் என்பதெல்லாம் அப்புறம். கிழக்குப் பார்த்த கட்டடத்துக்கு மாலை நாலு மணிக்குப் போனால், எவ்வளவு விலை உயர்ந்த கேமராவாக இருந்தாலும் வெளுத்த வானமும் அதன் முன்னால் கறுப்பாக ஒரு பெட்டியும்தான் கிடைக்கும்.

கட்டட வரைபடம் போடுவது என் பிழைப்பு. நாள் முழுக்க கம்ப்யூட்டரில் பிளானும் எலிவேஷனும் (கட்டடத்தின் முகத் தோற்றம்) வரைகிறவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் நூறு வருஷத்துக்கு முந்தைய எலிவேஷன் முன்னால் போய் நிற்பது ஒரு சுகம். அதனால் நான் சொல்கிற வழியில் கலைஞர் பார்வையைவிட வரைவாளர் பார்வைதான் அதிகம் இருக்கும். சுவர் நேராக நிற்க வேண்டும், கார்னிஸின் (சுவரின் மேல் துருத்தி நிற்கும் விளிம்பு) நிழல் கோடு தெரிய வேண்டும், கட்டினவர் பெயர் தப்பில்லாமல் எழுதப்பட வேண்டும். இந்த மூன்றுக்கும் ஒத்துக்கொள்கிறவர்கள் கூட வரலாம்.

மாதத்தைப் பார்த்துத் தெருவை முடிவு செய்யுங்கள்

மெட்ராஸில் இந்த வகைக் கட்டடங்கள் மூன்று தெருக்களில் அடர்த்தியாக இருக்கின்றன. ராஜாஜி சாலையில் இருப்பவை துறைமுகத்தைப் பார்த்தவை, அதாவது கிழக்குப் பார்வை. என்.எஸ்.சி. போஸ் சாலையில் உயர் நீதிமன்றம் தெருவுக்குக் காட்டுவது வடக்கு முகம். சென்ட்ரலும் ரிப்பன் மாளிகையும் விக்டோரியா பப்ளிக் ஹாலும் பெரியார் சாலையின் வடபுறம் வரிசையாக நின்று தெற்கைப் பார்க்கின்றன. மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்பினால் ஒன்றுக்கு மட்டும்தான் நல்ல வெளிச்சம் அமையும். மற்ற இரண்டும் கணக்குக்குத்தான்.

கிழக்குப் பார்த்தவை வருஷம் முழுக்கக் காலையில் நன்றாக இருக்கும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பங்குனியிலும் புரட்டாசியிலும் சூரியன் ஏறக்குறைய நேர் கிழக்கில் உதிப்பதால் வெயில் முகத்தில் சப்பென்று அடிக்கும். நிழலே விழாது, தூணும் சுவரும் ஒட்டிப்போய்த் தெரியும். மார்கழி, தையில் சூரியன் தென்கிழக்கிலும், ஆனி, ஆடியில் வடகிழக்கிலும் எழும். அப்போது ஒவ்வொரு வளைவுக்கும் பக்கவாட்டில் நிழல் விழும். எனக்கு வேண்டியது அந்த நிழல்தான்.

வடக்குப் பார்த்த முகத்துக்கு வெயில் காலம்தான் காலம். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிப்பொழுதுச் சூரியன்கூடத் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். ஜூன் மாதக் காலையில் உயர் நீதிமன்றத்தின் வடக்குச் சுவரில் சாய்ந்த வெயில் விழுவதைப் பார்த்துவிட்டு, அதே இடத்துக்கு டிசம்பரில் போனால் வேறு கட்டடமோ என்று தோன்றும். அக்னி நட்சத்திரத்தில் வெளியே போவதா என்று கேட்பீர்கள். ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடித்துவிட்டால் ஒன்றும் ஆகாது. ஜூனில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடுகிறது.

தெற்குப் பார்த்த சென்ட்ரல் வரிசைக்கு மார்கழியும் தையும். மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்தே போவதால் காலை, மாலை என்ற கவலையும் குறைவு.

கிழமை என்னவோ ஞாயிறுதான். பாரிமுனையை வார நாளில் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. லாரி, மீன்பாடி வண்டி, பிளாட்பாரக் கடை, வக்கீல் கூட்டம். கட்டடத்தின் கீழ்ப்பாதி கண்ணிலேயே படாது.

கையில் என்ன இருக்க வேண்டும்

போன் போதும். கேமரா இருக்கிறவர்கள் 24-70 மி.மீ. லென்ஸ் ஒன்றும், கோபுர உச்சிக்கும் கும்மட்டத்துக்கும் 70-200 மி.மீ. லென்ஸ் ஒன்றும் எடுத்துக்கொள்ளலாம். டிரைபாட் வேண்டாம். கையில் கேமராவோடு நின்றால் நீங்கள் சுற்றுலா வந்தவர். டிரைபாடை விரித்துவிட்டால் ‘ஷூட்டிங்’ ஆகிவிடும், உடனே காவலாளி வருவார். ட்ரோனைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஒரு பக்கம் தலைமைச் செயலகம், ஒரு பக்கம் துறைமுகம், நடுவில் நீதிமன்றம். ஆதார் அட்டையோ வேறு அடையாள அட்டையோ ஒன்றும் ஒரு பாட்டில் தண்ணீரும் இருந்தால் சரி.

சுவரை நேராக நிறுத்துவது

உயரமான கட்டடத்தை அருகில் நின்று அண்ணாந்து எடுத்தால் இரண்டு பக்கச் சுவர்களும் மேலே போகப் போக உள்ளே சாய்ந்து, கட்டடமே பின்னால் விழப்போகிற மாதிரி இருக்கும். கொத்தனார் தூக்குக்குண்டு விட்டு அரும்பாடுபட்டு நிறுத்திய சுவரை நாம் ஒரு நொடியில் சாய்த்துவிடுகிறோம். போனைத் தூக்கிப் பிடிக்காமல் செங்குத்தாக வைத்திருந்தால் சுவர் சாயாது, விஷயம் அவ்வளவுதான். ஆனால் அப்படி வைத்தால் உச்சி வெட்டுப்படும். அதற்குத்தான் பின்னால் போக வேண்டும்.

எவ்வளவு பின்னால்? போனின் சாதாரண லென்ஸை நெட்டுவாக்கில் பிடித்தால், கட்டடத்தின் உயரத்தைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு தூரம். ரிப்பன் மாளிகையின் மணிக்கூண்டு 132 அடி. அப்படியானால் 200 அடி தள்ளி நிற்க வேண்டும். கீழே பாதிப் படத்துக்குத் தார்ச்சாலைதான் வரும், வரட்டும். வீட்டுக்கு வந்து வெட்டிக்கொள்ளலாம். அவ்வளவு தூரம் பின்னால் போக இடமில்லை என்றால் முழுக் கட்டடத்தை எடுக்கும் ஆசையை விட்டுவிட்டு ஒரு ஜன்னலை எடுங்கள். வைட் லென்ஸுக்கு மாற்றி எப்படியாவது அடக்கிவிடப் பார்ப்பவர்களின் படங்களில் ஓரத்துத் தூண்கள் வாழை மரம் மாதிரி வளைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

கேமரா செட்டிங்ஸில் கிரிட் கோடுகளைப் போட்டுவிடுங்கள். ஒரு கோட்டை ஏதாவது ஒரு தூணோடு பொருத்திப் பார்த்தால் சாய்வு உடனே தெரியும். மிச்சமிருக்கும் கொஞ்சம் சாய்வை ஸ்னாப்சீட் போன்ற செயலியில் பெர்ஸ்பெக்டிவ் என்ற வசதியால் சரிசெய்யலாம். நூற்றுக்கு நூறு நிமிர்த்தாதீர்கள். முழுக்க நிமிர்த்தினால் கோபுரம் மேலே அகலமாக இருப்பதுபோலக் கண் ஏமாறும். ஒரு மயிரிழை சாய்வை விட்டுவைத்தால் இயல்பாக இருக்கும்.

அடுத்தது வெளிச்சம். செங்கல் கட்டடத்தை எடுக்கும்போது வானத்தின் பிரகாசத்தைப் பார்த்து போன் படத்தை இருட்டாக்கிவிடும். செங்கல் காய்ந்த ரத்தம் மாதிரி ஆகிவிடும். செங்கல் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைத் துளி கீழே இழுங்கள். வெள்ளைக் கட்டடத்துக்கு நேர்மாறு. வெள்ளை அதிகமாக இருக்கிறதே என்று போன் அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். சுவர் மேல் பூட்டி, குறியை மேலே தள்ளுங்கள். எதுவரை? கார்னிஸுக்கு அடியில் விழும் நிழல் கோடு கரையாமல் நிற்கும் வரை.

ராஜாஜி சாலை: முதல் நடை

புதிதாக வருகிறவர்களுக்கு இந்த நடையைத்தான் சொல்வேன். கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் சாலை. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் போட்ட பர்மா பஜார் கடைகள் ஞாயிறு விடியலில் ஷட்டர் இறக்கிக் கிடக்கும். கிழக்கு நடைபாதையில் நின்று மேற்கே பாருங்கள். சூரியன் உதித்தவுடன் வெளிச்சம் கிடைத்துவிடாது. துறைமுகப் பக்கத்துக் கட்டடங்கள் மறைக்கும். முதலில் கோபுர உச்சி சிவக்கும், பிறகு வெயில் மாடி மாடியாக இறங்கும். உதயத்துக்கு அரை மணி கழித்து வந்து, எட்டரைக்குள் கிளம்பிவிடுவது கணக்கு.

தலைமைத் தபால் நிலையம் 1884இல் முடிந்தது. வரைந்தவர் ராபர்ட் சிஷோம். மெரினாவில் மாநிலக் கல்லூரியும் செனட் ஹவுஸும் இவர் கைதான். தபால் நிலையக் கோபுரங்களின் மேல் ஒரு காலத்தில் கேரளச் சாயலில் கூம்பு வடிவத் தொப்பிகள் இருந்தன, இப்போது இல்லை. பழைய படம் ஒன்றைப் போனில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தால், கட்டடம் ஏன் தலை வழித்த மாதிரி நிற்கிறது என்பது புரியும். இங்கே முழு முகப்பை ஒன்று எடுத்துவிட்டு, மீதி நேரத்தை வளைவுகளுக்குக் கொடுங்கள். ஒரு வளைவை மட்டும் தேர்ந்தெடுத்து நேர் எதிரே நில்லுங்கள். செங்கல் வரிசை வளைவைச் சுற்றி விசிறி மாதிரி திரும்புவதும், வளைவின் உள்விளிம்பு நிழலில் ஒரு பிறை மாதிரி கறுப்பதும் தெரியும். கால் மணி நேரம் அங்கேயே நின்றால் அந்தப் பிறை மெலிந்துகொண்டே போவதைப் பார்க்கலாம். மூன்று படங்களை ஐந்து நிமிஷ இடைவெளியில் எடுத்து வைத்துக்கொண்டு, எது பிடிக்கிறது என்று வீட்டில் பாருங்கள். எனக்கு எப்போதும் நடுவில் எடுத்ததுதான் பிடிக்கும்.

அதே சாலையில் ஸ்டேட் பாங்க் கட்டடம். 1897இல் மெட்ராஸ் பாங்குக்காக எழும்பியது. அந்த பாங்க் 1921இல் வங்காள, பம்பாய் பாங்குகளோடு இணைந்து இம்பீரியல் பாங்க் ஆகி, 1955இல் ஸ்டேட் பாங்க் ஆனது. கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின் பெயரை எல்லாரும் சொல்வார்கள். கட்டி முடித்தவர் ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியார். சட்டக் கல்லூரி, கன்னிமரா நூலகம், எழும்பூர் அருங்காட்சியக வளாகத்து விக்டோரியா நினைவு மண்டபம் என்று இந்த ஊரின் செங்கல் அழகில் பெரும்பங்கு அவர் ஆட்கள் கைவேலை. வரைபடத்தில் ஒரு கோடு போட எனக்கு ஒரு நொடி போதும். அதைச் செங்கல்லில் கொண்டுவருகிறவன் பாடு எனக்குத் தெரியும். அதனால் படத்தின் கீழே பெயர் போடும்போது அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாங்க் வாசலில் காவலாளி வருவார். பயப்பட வேண்டாம், எதிர்த்துப் பேசவும் வேண்டாம்.

“யாரும்மா, எந்தப் பத்திரிகை?”

“பத்திரிகை இல்லண்ணா, பழைய கட்டடம்னு படம் எடுக்கறேன். பாருங்க.”

போனைத் திருப்பிக் காட்டிவிடுங்கள். கோபுரமும் ஜன்னலும்தான் இருக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பேர் அப்படியே போய்விடுவார்கள். சிலர் அந்தப் பக்கமிருந்து எடுத்தால் இன்னும் நன்றாக வரும் என்று வழியும் சொல்வார்கள். ‘எடுக்கக் கூடாது’ என்று சொன்னால் சரி என்று நகர்ந்துவிடுங்கள். பொது நடைபாதையில் நில்லுங்கள், கேட், ஏ.டி.எம்., காவலாளியின் துப்பாக்கி இவை படத்தில் வேண்டாம். எதிர்ப்பக்கம் திரும்பித் துறைமுக வாசலை எடுப்பதும் வேண்டாம்.

தெற்கே போனால் சிங்காரவேலர் மாளிகை. பென்டிங்க் கட்டடம் என்ற பழைய கட்டடத்தை இடித்துவிட்டுக் கட்டியது, எடுக்க ஒன்றுமில்லை. ஆனால் அதன் வளாகத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸின் சிலைக்காகக் கட்டிய கல் மண்டபம் இருக்கிறது. சிலை கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. முனையில் டேர் ஹவுஸ், 1940இல் முடிந்த ஆர்ட் டெகோ (நேர்கோடுகளை நம்பும் பாணி) கட்டடம். 1788இல் மெட்ராஸ் வந்த தாமஸ் பாரியின் பெயரில்தான் முனையே இருக்கிறது. செங்கல்லும் வளைவுமாகப் பார்த்துவிட்டு வரும் கண்ணுக்கு இதன் நேர்கோடுகள் ஒரு ஓய்வு. வளைவு தேடாமல் கோடுகளை மட்டும் எடுங்கள்.

நீதிமன்றமும் அதன் பின் தெருவும்

1892இல் திறந்த உயர் நீதிமன்றத்துக்குள் கேமராவோடு போக முடியாது, பாதுகாப்பு கடுமை. வெளியிலிருந்தே எடுக்க நிறைய இருக்கிறது. மதிலும் மரமும் கீழ்ப்பாதியை மறைப்பதால் மேல்பாதியை மட்டும் குறிவைத்து ஜூம் செய்யுங்கள். சிறிதும் பெரிதுமாகக் கும்மட்டங்கள் ஒன்றின் பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வரும். நடைபாதையில் பத்தடி நகர்ந்தால் அடுக்கு மாறிவிடும். ஆகவே நின்ற இடத்தில் நூறு படம் எடுக்காமல், பத்தடிக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே நடங்கள். எல்லாவற்றுக்கும் உயரமான கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாக இருந்தது. அதற்கு முன்பு 1844இலிருந்து விளக்கெரிந்த பழைய தூணும் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஓய்வு பெற்ற கலங்கரை விளக்கங்கள் இரண்டு ஒரே காம்பவுண்டில்!

கிழக்கு மதிலோரம் எம்டன் கல்வெட்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்டதற்கு அடையாளம். கல்வெட்டு எழுத்தை நேர் எதிரே நின்று எடுத்தால் வெறும் பலகை. வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒரு ஓரமாக நின்று எடுத்தால் எழுத்து எழுந்து நிற்கும்.

அப்புறம் எதிர்ப்புறம் அரண்மனைக்காரத் தெருவுக்குள் நுழையுங்கள். அர்மீனியன் தெரு என்று ஆங்கிலப் பலகையில் இருக்கும். 1772இல் கட்டிய அர்மீனிய தேவாலயத்துக்குள் நின்றால், ஒரு மதில் தள்ளிப் பாரிமுனை இரைகிறது என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. நான் சொன்ன ஒன்றரை மடங்குக் கணக்கு இங்கே எடுபடாது, முற்றம் சின்னது. தேவாலயத்திலிருந்து தனியே நிற்கும் மணிக்கூண்டை முழுசாக அடக்க முயலாமல் தரையைப் பாருங்கள். கல்லறைக் கற்கள் காலடியிலேயே பதிந்திருக்கின்றன, அர்மீனிய எழுத்தோடு. உலகின் முதல் அர்மீனியப் பத்திரிகையை 1794இல் இந்த ஊரில் நடத்திய ஹாருத்யூன் ஷ்மவோனியன் பாதிரியாரின் கல்லறையும் இங்கேதான். கல்லின் மேல் செருப்புக் காலோடு நின்று படம் எடுக்காதீர்கள். நேர் மேலிருந்து எடுக்க வேண்டுமென்றால் உங்கள் நிழல் விழாத பக்கமாகக் குனியுங்கள்.

தெற்குப் பார்த்த வரிசை

மார்கழி, தை மாலைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். 1913இல் முடிந்த ரிப்பன் மாளிகையை வரைந்தவர் ஹாரிஸ், கட்டியவர் லோகநாத முதலியார், ஆன செலவு ஏழரை லட்சம் ரூபாய். சாலையின் எதிர்ப்பக்கம் போனால் மணிக்கூண்டு முழுசாக அடங்கும். சூரியன் மறைந்து பதினைந்து நிமிஷத்தில் வானம் நீலமாகி, கட்டடத்து விளக்குகளும் வானமும் ஒரே அளவு பிரகாசத்தில் நிற்கும். அந்த நேரம் நம் ஊரில் பத்து நிமிஷம்கூட நிற்பதில்லை. ஆறு மணிக்கு முன்பே இடம் பிடித்து, கிரிட் கோடு பொருத்தி, கம்பத்தில் கையைச் சாய்த்துக்கொண்டு தயாராக இருங்கள். பஸ் குறுக்கே போகும், போகட்டும். அதன் விளக்குக் கோடு கீழே ஓடினால் படத்துக்குப் பலம்தான். மின்கம்பி, போஸ்டர், ஆட்டோ எதையும் எடிட் செய்து அழிக்காதீர்கள் என்பது என் கட்சி. அழித்துவிட்டால் எந்த வருஷத்துப் படம் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

1873இல் கட்டிய சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் மூர் மார்க்கெட் இருந்தது. 1985இல் எரிந்தது, அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம். எங்கள் வீட்டு ஆல்பத்தில் மூர் மார்க்கெட் வாசலில் அம்மா நிற்கும் படம் ஒன்று உண்டு. அம்மா தெளிவாக இருக்கிறார், கட்டடம் கால்வாசிதான் தெரிகிறது, தேதியும் இல்லை.

கோட்டையைத் தனி நாளுக்கு வையுங்கள். உள்ளே தலைமைச் செயலகமும் ராணுவமும் இருப்பதால் அடையாள அட்டை கேட்பார்கள். எடுக்க அனுமதியுள்ள இடம் குறைவு. 1680இல் திறந்த புனித மேரி தேவாலயத்துக்காகப் போகலாம். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அருங்காட்சியகம் விடுமுறை.

வீட்டுக்கு வந்ததும் அன்றே உட்கார்ந்து பத்துப் படம் தேர்ந்தெடுத்து, நிமிர்த்தி, வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள். மறுநாள் என்றால் நடக்காது. வரியில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி: “தலைமைத் தபால் நிலையம், ராஜாஜி சாலை. கிழக்கு முகம், தரைத்தள வளைவு. வரைந்தவர் சிஷோம், 1884. தை மாதம், ஞாயிறு காலை 7.20. இடது பக்கம் தெரிவது பர்மா பஜார் தார்ப்பாய்.” வருஷத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.